ஊலாம் வீட்டாரின் நாலாவது கேள்வி

என் வேலை கத்துவது. எங்கள் ஊரான கேபாவில் படை கூடும்போதெல்லாம் வீரர்களின் முன்னால் நின்று, வேதச் சட்டமான நியாயப்பிரமாணம் சொல்லும் நாலு கேள்விகளையும் தொண்டை கிழியக் கேட்பது ஆலய ஊழியம் செய்கிற லேவியரான எங்கள் குடும்பத்தின் தலையில் விழுந்த வேலை. புது வீடு கட்டி இன்னும் குடிபோகாதவன் யார்? திராட்சைத் தோட்டம் போட்டு இன்னும் அதன் பழத்தைத் தின்னாதவன் யார்? பெண் நிச்சயமாகி இன்னும் கல்யாணம் முடிக்காதவன் யார்? இவர்களெல்லாம் வீட்டுக்குப் போகலாம். இதுவரை வம்பில்லை. நாலாவது கேள்விதான் வில்லங்கம். பயப்படுகிறவன் யார்? அவனும் வீட்டுக்குப் போகலாம். பக்கத்தில் நிற்கிறவனின் நெஞ்சையும் அவன் கரைத்துவிட வேண்டாம். இதைக் கேட்கும்போதெல்லாம் முதலில் கை தூக்க வேண்டியவன் நான்தான் என்று எனக்குத் தோன்றும். கத்தி முடித்ததும் நான் எப்படியும் வீட்டுக்குத்தான் போகப்போகிறேன் என்பதால் சும்மா இருந்துவிடுவேன்.

அந்த வருஷம் ஊரில் பயப்படாதவன் என்று ஒருவனைக் காட்ட முடியாது. அசீரியர் வடக்கே ஆயா ஊரைப் பிடித்துவிட்டார்கள். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் கழுதைமேல் திரிகைக்கல்லையும் பாயையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தவர்கள் சொன்னதைக் கேட்டதும், ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. பிடிபட்டவர்களில் வில்லாளிகளை மட்டும் தனியாகப் பிரித்தார்களாம். நாண் இழுத்துக் காய்த்துப்போன விரல்களைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்தார்களாம். அவர்களை உயிரோடு தோலுரித்து, அந்தத் தோலை மதில்மேல் விரித்துப் போட்டார்களாம். இதைச் சொன்ன மனிதர் நாங்கள் கொடுத்த அப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார், கடைசிவரை அதைக் கடிக்கவில்லை.

அசீரியருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது மிக்மாஸ் பள்ளத்தாக்கு ஒன்றுதான். அதன் ஏற்றத்தில் நின்று அவர்களை மறிக்க வேண்டியவர்கள் ஊலாம் வீட்டு வில்லாளிகள்.

ஊலாம் யார் என்று கேட்டால் எசேக்கின் மூத்த மகன் என்பார்கள். அதற்குமேல் ஒரு சொல் வராது. எந்தப் போரில் நின்றார், யாரைச் சாய்த்தார், ஒரு தகவலும் கிடையாது. ஏகூஸ், எலிபேலேத் என்று இரண்டு தம்பிகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்ததாகக்கூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊலாமின் மகன்களும் பேரன்களும் அவர்களுக்குப் பிறந்தவர்களும் அத்தனை பேரும் வில்லாளிகள். அவர்கள் சேர்ந்த பென்யமீன் கோத்திரத்தில் இடது கையால் அம்பு விடுகிறவர்கள் நிறைய உண்டு, ஆனால் இந்த வீட்டில் அது வெறி. பையன்களின் வலது கையைத் துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இடது கை பழகித் தேறுகிறவரை சாப்பாடு, விளையாட்டு, மூக்கு சிந்துவது எல்லாம் அந்தக் கையால்தான். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டால் இரண்டு கையாலும் குறி தப்பாமல் எய்வார்கள். அந்தத் திமிரும் அவர்களிடம் இருந்தது. 'ஊலாமின் வில்மேல் ஆணை' என்று ஆட்டுக்குட்டி பேரம் பேசும்போதுகூடச் சத்தியம் பண்ணுவார்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது வேறொன்று. நான் ஒவ்வொரு வீட்டாரின் அணிக்கும் முன்னால் போய்த் தனித்தனியாகக் கேள்வி கேட்பேன். மற்ற வீட்டார் நாலாவது கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். ஒருவனோ இருவரோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். கூட நிற்கிறவர்கள் அவர்களைக் கோழி, முயல் என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ஊலாம் வீட்டு அணியில் அந்தப் பேச்சே இல்லை. நான் நாலாவது கேள்விக்கு வாயைத் திறந்த உடனே அத்தனை பேரும் ஒன்றாக வில்லின் நாணைச் சுண்டி அடிக்க ஆரம்பிப்பார்கள். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. அது போதாதென்று, அந்த நேரத்தில் நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்க வேண்டும். என் தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். பயம் என்ற சொல் எங்கள் காதில் விழவே கூடாது என்கிற ஆணவம் என்று என் தகப்பன் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படை கூடுவதற்கு முந்தின நாள் மத்தியானம், எங்கள் எண்ணெய்ச் சாடிகளை வற்றிப்போன தொட்டி ஒன்றுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தேன். பாராள் வந்து நின்றாள். அவள் பிறந்தது ஆத்சேல் வீட்டில். அந்த ஆத்சேல், ஊலாமின் தகப்பன் எசேக்குக்கு அண்ணன். வாழ்க்கைப்பட்டது ஊலாம் வீட்டில். புருஷனும் மூத்த மகனும் முந்தின போரில் ஒரே நாளில் போய்விட்டார்கள். இப்போது அவளுக்கு இருந்தது இஸ்பான் ஒருவன். அவனுக்கு இதுதான் முதல் படை.

மடியிலிருந்து துணிப்பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். திராட்சை அடை.

"என்ன தங்கச்சி, ஊரே தட்டுமுட்டைக் கட்டுது, நீ அடை சுட்டுக்கிட்டிருக்கே?" என்றேன்.

"சும்மா தரல அண்ணே. ஒரு காரியம் ஆகணும்."

"அதானே பார்த்தேன்."

"நாளைக்கு எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நீங்க நாலாவது கேள்வி கேப்பீங்கல்ல. அவங்க நாணடிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, சத்தம் அடங்கினதும் இன்னொரு தரம் கேளுங்க. அவ்வளவுதான்."

"பெராயா என் தோலை உரிச்சிருவாரு. அசீரியன் வர்றவரைக்கும்கூடப் பொறுக்கமாட்டாரு" என்றேன். பெராயா அந்த வீட்டுக்குத் தலைவர், அவள் புருஷனின் அண்ணன்.

"இஸ்பான் சாப்பிடறதில்ல அண்ணே. வாயில வச்சா வாந்தி எடுக்கிறான். கை நடுங்குது, அதை மறைக்க எந்நேரமும் எதையாவது முறுக்கிக்கிட்டே இருக்கான். அந்த ஆயாக்காரர் சொன்னதை அவன் பக்கத்துல நின்னு கேட்டான். பயம்னு அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சட்டமே அவனை வீட்டுக்கு அனுப்பும். ஆனா அந்தக் கேள்வி அவன் காதுல விழ இவங்க விடமாட்டாங்க."

"கிணத்துக் காவலுக்குப் போடச் சொல்லி பெராயாகிட்ட கேட்டுப் பார்த்தியா?" என்றேன். ஒவ்வொரு போருக்கும் ஊலாம் வீட்டு ஆட்கள் ஓரிருவர் கிணற்றுக் காவல் என்று ஊரிலேயே தங்கிவிடுவது வழக்கம்.

"காலைப் பிடிச்சுக் கேட்டேன். அதுக்கு ஆளை நான் வைக்கிறதில்லம்மான்னு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. பின்ன யாரு வைக்கிறா, ஆவி வந்து வைக்குதா? வேண்டியவனுக்கு ஒரு நியாயம், விதவை பிள்ளைக்கு ஒரு நியாயம்." முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இவங்க பெருமை எவ்வளவு பொய்னு உங்களுக்குத் தெரியுமா? எங்க பிறந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் வாழ வந்த இடமாச்சேன்னு இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கிட்டிருந்தேன். ஊலாமும் ரெண்டு தம்பிங்களும் ஒரே அணியில நின்னாங்க. நாலாவது கேள்வி வந்தப்போ கையைத் தூக்கிட்டு வெளியே வந்தவரு ஊலாம். தம்பிங்க நின்னாங்க, செத்தாங்க. அவங்களுக்கு வம்சம் இல்ல. இவரு வீட்டுக்கு வந்து பிள்ளை பெத்தாரு. இந்த வீரனுங்க அத்தனை பேரும் அந்தப் பயந்தாங்கொள்ளி பெத்த வரிசைதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நீங்க கேக்கலன்னா நாளைக்கு நானே அங்க வந்து இதைச் சொல்வேன்" என்றாள்.

படை கூடும் களத்துக்குப் பெண்கள் வரக்கூடாது. கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவள் செய்யக்கூடியவள் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "நான் கேக்கறேன். நீ வீட்டை விட்டு வெளியே வராதே" என்று வாக்குக் கொடுத்து அடையை வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், ஊற்றருகே ஊலாம் வீட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாசாக் நடுவில் நின்று வழக்கம்போல வாயால் போர் செய்துகொண்டிருந்தான். அவன் இஸ்பானுக்குப் பெரியப்பா மகன். நாலு சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அசீரியன் நம்ம தோலை உரிப்பானாம்ல! அவன் தாடியை அறுத்து எங்க வீட்டுக் கழுதைக்குச் சேணம் தைக்கலன்னா என் பேரு சாசாக் இல்ல. என்ன லேவி மாமா, நீங்களும் வர்றீங்களா? உங்க குரலைக் கேட்டாலே பாதிப் பேர் ஓடிருவானுங்க."

"நான் வந்தா மீதிப் பாதியும் ஓடிருமேன்னுதான் வரல. உனக்கு ஆள் மிஞ்ச வேணாமா?" என்றேன். பையன்கள் சிரித்தார்கள்.

இஸ்பான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து ஆட்டுக்குடல் நாண் ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தான். பறக்கிற காடையை இடது கையால் அடிக்கிறவன், அந்தக் கூட்டத்திலேயே நல்ல குறிகாரன். முகத்தில் ரத்தமே இல்லை. நான் தாண்டிப் போனபோது எழுந்து கூடவே கொஞ்ச தூரம் வந்தான்.

"மாமா, நாலாவது கேள்வி கேக்கறப்போ நீங்க அந்தப் பக்கம் திரும்பிருவீங்கல்ல?"

"உங்க வீட்டார் போட்ட சட்டமாச்சே. திரும்பாம இருக்க முடியுமா?"

"கண்டிப்பா திரும்பிருங்க மாமா."

உன் அம்மா உனக்காக மன்றாடுகிறாள், நீ இந்த வீட்டுக் கர்வத்தைக் காப்பாற்றுகிறாயா என்று எனக்குக் கோபம் வந்தது. நடையைக் கட்டினேன்.

மறுநாள் காலையில் களத்துமேட்டில் படை கூடியது. இரவோடு இரவாக அசீரியர் மிக்மாசுக்கு வந்து மூட்டைகளை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. களத்துமேட்டில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அவர்களின் கூடாரங்கள் தெரிந்தன. முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. மற்ற வீட்டார்களிடம் நாலாவது கேள்வி கேட்டபோது, இதுவரை காணாத அளவுக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் கோழி என்று கூப்பிடவில்லை. வெளியே வந்தவர்கள் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு ஓடினார்கள்.

கடைசியாக ஊலாம் வீட்டார் முன்னால் வந்து கல்மேல் ஏறினேன். பெராயா முன்வரிசையில் நின்றார், நெஞ்சுவரை நரைத்த தாடி, அகலமான தோள். பக்கத்தில் பெரியவர்கள், பின்வரிசைகளில் இளைஞர்கள். அவர்களுக்கும் பின்னால் வைக்கோல் போர்கள், அவற்றைத் தாண்டினால் ஊருக்குப் போகும் சந்து. முதல் மூன்று கேள்விகளையும் கேட்டேன். புது மாப்பிள்ளை ஒருவன் மட்டும் வெளியே போனான்.

"பயப்படுகிறவன் யார்?" என்று ஆரம்பித்துக்கொண்டே பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பினேன். பின்னால் நாண்கள் எழுந்தன. சுவருக்குள் கூடுகட்டிய தேனீக்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் அப்படித்தான் இருக்கும். சத்தம் அடங்கியதும் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

அப்போது எனக்கு எதிரே, சரிவிலிருந்த பாறைக்குப் பின்னாலிருந்து பாராள் எழுந்தாள். விடிவதற்கு முன்பே வந்து ஒளிந்திருக்கிறாள். முக்காடு நழுவிக் கிடந்தது. பொறு, பொறு என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, நேராக மேடேறி வந்தாள். இவளை யாராவது பார்த்துவிட்டார்களா என்ற பதற்றத்தில், என் வாழ்நாளில் முதல் தடவையாக, நாண் ஒலிக்கும்போது ஊலாம் வீட்டாரைத் திரும்பிப் பார்த்தேன்.

அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். பெராயா முதல் கடைசிப் பையன்வரை தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நாணை அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால், வைக்கோல் போரைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாசாக் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தான். கடைசி வரிசையில் இஸ்பான் நின்றான். அவன் வில்லில் நாணே இல்லை. அவன் நாணடிக்க வரவில்லை. ஒரு காலை வரிசைக்கு வெளியே எடுத்து வைத்திருந்தான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிணற்றுக் காவலுக்கு யாரும் யாரையும் வைப்பதில்லை. போகிறவன் இந்தச் சத்தத்துக்குள் போகிறான். அவன் காலடி கேட்கக் கூடாது என்று நாணை அடிக்கிறார்கள், அவன் முகம் தெரியக் கூடாது என்று கண்ணை மூடுகிறார்கள், என்னையும் திருப்பி நிறுத்துகிறார்கள். அப்புறம் அவனைக் காவலுக்கு வைத்ததாகச் சொல்லிவிடுகிறார்கள். நானும் என் தகப்பனும் இதை ஆணவம் என்று திட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

"நிறுத்துங்க!" என்று பாராள் கத்தினாள். "என் பிள்ளை காதுல விழட்டும், நிறுத்துங்க!"

முன்னால் நின்ற உயரமான ஆட்களைத் தாண்டிக் கடைசி வரிசை அவளுக்குத் தெரியவில்லை. நான் இறங்கி ஓடி அவள் வாயைப் பொத்தப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

"உங்க ஊலாமே பயந்து வீட்டுக்கு வந்தவருதான்! நின்னது தம்பிங்க ரெண்டு பேரும்தான்! யாரை ஏமாத்த இந்தச் சத்தம்?"

நாண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. கண்கள் திறந்தன. பின்வரிசையில் இருந்தவர்கள் பக்கத்தில் பார்த்தார்கள். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, நாணில்லாத வில்லோடு இஸ்பான் அவர்கள் நடுவில் நின்றான். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவன் அந்தக் காலை மெதுவாக உள்ளே எடுத்துவைத்தான்.

பெராயா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலே எழும்பவில்லை.

"தெரியும்மா" என்றார். "ஊலாம் வந்தாரு. ஊரும் ஒறவும் பார்த்துக்கிட்டிருக்க வெளியே வந்தாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவர்கூட ஒக்காந்து ஒருத்தனும் அப்பம் தின்னல. கல்யாண வீட்டுல அவர் போய் நின்னா பாட்டு நின்னுரும். அவர் பெத்த பசங்க அதைப் பார்த்து வளந்தாங்க. அவங்க ஆரம்பிச்சதுதான் இந்தச் சத்தம்."

"அத்தான்..." என்றாள் பாராள்.

"இதை வெளியில சொல்லக்கூடாது. பொண்டாட்டிகிட்ட கூடாது, அம்மாகிட்ட கூடாது. சொல்லிட்டா அப்புறம் கிணத்துக் காவல்ல இருக்கிறவனைப் பார்த்து ஊர் என்ன பேசும்? இப்ப என்னைச் சொல்ல வச்சிட்டியே, பாவி."

பாராள் அவரை விட்டு, ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினாள். கடைசி வரிசையைக் கண்டாள். மகன் கையிலிருந்த வில்லைக் கண்டாள். வில்லாளி வீட்டுப் பெண்ணுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் களத்துமண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பெராயா என் பக்கம் திரும்பினார். "லேவியா, மறுபடியும் கேளு. திரும்பி நின்னு கேளு." பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். "கண்ணை மூடுங்கடா. நல்லா மூடுங்க. இங்க எவனும் எதையும் பார்க்கல. கேட்டுச்சா?"

நான் பாராளைத் தூக்கி நிறுத்தி, அவளையும் பள்ளத்தாக்கைப் பார்க்கத் திருப்பினேன். "போயிருடா, போயிருடா கண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நான் நாலாவது கேள்வியைக் கேட்டேன். நாண்கள் மறுபடி எழுந்தன. வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்தார்கள். கை வலிக்க வலிக்க அடித்தார்கள். போகிறவனுக்கு மனசு வர வேண்டும், கால் வர வேண்டும், சந்துவரை நடக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் நேரம் கொடுத்தார்கள். நானும் கர்த்தரிடம் அதைத்தான் வேண்டினேன். எதிரே அசீரியரின் கூடாரங்களுக்கு நடுவில் குதிரைகளைச் சேணம் கட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் ஓய்ந்தது. திரும்பினோம்.

இஸ்பான் அதே இடத்தில் நின்றான். வில்லில் நாண் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் அவன் செய்தது அது ஒன்றுதான். அவர்கள் எவ்வளவு இறுக்கிக் கண்ணை மூடினாலும், முன்னமே பார்த்தது பார்த்ததுதான். இனி அவன் போனால் சத்தத்தோடு போனவனாக இருக்கமாட்டான், அம்மா வந்து கூட்டிப்போன பிள்ளையாக இருப்பான். ஊலாமைப்போல எல்லாரும் பார்க்க வெளியே வந்தவனாக இருப்பான்.

அணி நகர ஆரம்பித்தது. அவன் எங்கள் பக்கமாக வந்தபோது பாராள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டுக்குள்ளேயே கிடந்திருப்பேனேடா!"

"சொல்லக்கூடாதும்மா. சொன்னா அப்புறம் சத்தம் எதுக்கு?"

"பயமா இருக்காடா?"

"ஆமாம்மா" என்றான். "நீ இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அணியோடு சேர்ந்தான்.

அவர்கள் ஒற்றையடிப் பாதையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். களத்துமேட்டில் நானும் அவளும் மட்டும் நின்றோம். அவள் என் மேலங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னொரு தரம் கேளுங்க அண்ணே. காதுல விழற தூரத்துலதான் போறாங்க. கேளுங்க."

"அதெல்லாம் முறையில்ல தங்கச்சி."

"முறை என்னண்ணே முறை! உங்க காலைப் பிடிக்கிறேன், கேளுங்க!"

நான் சரிவின் விளிம்புக்குப் போய், இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, பயப்படுகிறவன் யார் என்று கீழே பார்த்துக் கத்தினேன். என் குரல் பாறைகளில் மோதி இரண்டு மூன்று முறை திரும்பி வந்தது. கீழே அவர்கள் நின்றார்கள். பிறகு, யார் சொன்னதோ, பள்ளத்துக்குள்ளிருந்து நாண்களின் இரைச்சல் எழுந்து மேலே வந்தது. நான் உடனே முதுகைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை. என் தோளைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓடி வருகிற காலடிகள் பக்கத்தில் கேட்டன. யாரோ மூச்சிரைக்க எங்களைத் தாண்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடினார்கள். ஒருவனா இருவரா என்று எனக்குத் தெரியாது.

"இஸ்பானா?" என்றேன்.

"இல்லண்ணே" என்றாள். "அவன் கண்ணை மூடிக்கிட்டு நாணடிக்கிறான்."